பெரினுக்கு எப்போது கல்யாணம் ஆனது? ('தி வீல் ஆஃப் டைம்' தொடரின் முதல் மூன்று எபிசோடுகள், நவம்பர் 2021)

உலைக்களம்:
இந்தக் குழுவில் நேற்று ஒருவர் தீர்ப்பு எழுதியிருந்தார். பெயர் வேண்டாம், மலைக்கோட்டை மணி. "ராபர்ட் ஜோர்டனின் நாவல் அச்சு அசலாகத் திரைக்கு வந்துவிட்டது. குறை சொல்கிறவர்கள் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள்." அச்சு அசலாம்! வெள்ளிக்கிழமை அமேசான் பிரைமில் வந்த மூன்று எபிசோடுகளையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதினாரா என்று தெரியவில்லை.

நான் இந்த மாயக்கதை நாவல் வரிசையின் பதினான்கு பாகங்களும், முன்கதையான 'நியூ ஸ்பிரிங்'கும் படித்தவன். அதனால் ஒரே ஒரு கேள்வி. பெரினுக்கு எப்போது கல்யாணம் ஆனது?

1990இல் வந்த 'தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்' நாவலில் பெரின், லுஹான் என்ற கொல்லரிடம் தொழில் பழகும் பையன். கல்யாணம் ஆகாதவன். தொடரிலோ லைலா என்று ஒரு மனைவி இருக்கிறாள். ட்ரோலாக்குகள் என்ற மிருக அரக்கர்கள் ஊருக்குள் புகுந்த இரவில், பின்னால் நிற்பது யாரென்று பார்க்காமல் கோடரியை வீசி அவளை அவனே கொன்றுவிடுகிறான். முதல் எபிசோடு முடிவதற்குள் கல்யாணமும் கருமாதியும் முடிந்துவிட்டன. அச்சு அசல்!

மலைக்கோட்டை மணி:
பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெயரைப் போடும் நாகரிகம் உங்களுக்குத்தான் வரும், அண்ணே.

சரி, பதில். நாவலில் பெரினின் பயம் முழுக்க அவன் மண்டைக்குள் ஓடுகிறது. உடம்பு பெரியது, அதனால் யாரையும் காயப்படுத்திவிடுவோமோ என்று சின்ன வயதிலிருந்தே நிதானமாக இருப்பவன். இதை நாலு பக்கம் எழுதிப் புரியவைக்கலாம். கேமரா முன்னால் அவன் சும்மா நின்று யோசித்தால் நமக்கு என்ன தெரியும்? அந்தப் பயத்தைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார் தொடரை உருவாக்கிய ரேஃப் ஜட்கின்ஸ். இனிமேல் அவன் கோடரியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நமக்குக் காரணம் தெரியும். இதற்குப் போய் இவ்வளவு கூச்சலா?

உலைக்களம்:
கண்ணுக்குத் தெரியும்படி வைக்க நாவலிலேயே காட்சி இருக்கிறதே, தம்பி. பெரின் ஓநாய்களோடு நட்பாகிப் போகும்போது வெண்ணங்கிக்காரர்கள் என்ற மதவெறிப் படையினர் வருகிறார்கள். ஹாப்பர் என்ற ஓநாய் கண்ணெதிரில் சாகிறது. பெரின் வெறிகொண்டு கோடரியால் இரண்டு பேரைக் கொல்கிறான். அவன் செய்யும் முதல் கொலைகள் அவைதான். அப்புறம் பல பாகங்களுக்கு அவனைத் துரத்துவதும் அதுதான். இதைவிடக் கண்ணுக்குத் தெரிய என்ன வேண்டும்?

இப்போது அந்தக் காட்சி வந்தால் என்ன ஆகும்? மனைவியைக் கொன்றவன் ஓநாய்க்காக அழுவானா? எடைபோட்டுப் பாருங்கள். ஜோர்டன் மெதுவாக ஏற்றிவைத்ததை இவர்கள் முதல் எபிசோடிலேயே கொட்டிக் கவிழ்த்துவிட்டார்கள்.

கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பெரினுக்கு எப்போது கல்யாணம் ஆனது?

நெய்தல்:
ஒரு நிமிடம். 'அச்சு அசல்' என்று மணி எதைச் சொல்கிறார்? சம்பவங்களையா, பாத்திரங்களின் குணத்தையா, கதையின் மையத்தையா? அதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசினால் நன்றாக இருக்கும்.

மலைக்கோட்டை மணி:
ஓநாய் காட்சி நாவலின் நடுவில்தான் வருகிறது. அதுவரை பெரினை என்ன செய்வதாம், அம்மிக்கல் மாதிரி ஓரமாக உட்கார வைப்பதா?

வெண்பனி:
இரண்டு பேருமே லைலாவை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். அவள் யார்? கணவனைப் போல உலையில் வேலை செய்கிறாள், அதிகம் பேசுவதில்லை, ஏதோ ஒரு வருத்தம் முகத்தில் தெரிகிறது. அது என்னவென்று சொல்லாமலே கொன்றுவிட்டார்கள். ஓர் ஆணுக்குச் சோகம் தேவைப்படுகிறது என்பதற்காகவே ஒரு பெண்ணை உருவாக்கிச் சாகடிப்பது. எத்தனை காலமாக இதைப் பார்க்கிறோம்! பெண்களிடம்தான் மாய சக்தி இருக்கிறது, ஆண்கள் அதைத் தொட்டால் பைத்தியம் பிடிக்கும் என்று எழுதப்பட்ட கதையில் முதல் நாளே இப்படி.

மற்றபடி தொடர் எனக்குப் பிடித்திருக்கிறது. எக்வீன் என்ற இளம்பெண்ணுக்குச் சடை பின்னி ஆற்றில் தள்ளிவிடும் சடங்கு நாவலில் கிடையாது. ஆனால் அந்த ஊர்ப் பெண்களின் கட்டுப்பாடு என்ன என்பதை ஒரே காட்சியில் சொல்லிவிட்டது.

உலைக்களம்:
வெண்பனி மேடம் சொல்லிவிட்டார். லைலா தேவையே இல்லை. மணி கவனிக்கவும்.

வெண்பனி:
நான் அப்படிச் சொல்லவில்லை. மனைவி இருப்பது எனக்குப் பிரச்சினை இல்லை, கொன்ற விதம்தான் பிரச்சினை. உங்கள் கட்சியில் என்னைச் சேர்க்காதீர்கள். பெரினுக்குத் தாலி எடுத்துக்கொடுத்த ஐயர் யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பவர் நீங்கள்தான்.

கதிர்மாலை:
ஒரு தகவல். ஜோர்டன் 2007இல் இறந்த பிறகு கடைசி மூன்று பாகங்களை முடித்த பிராண்டன் சாண்டர்சனே இந்த மாற்றத்தை எதிர்த்திருக்கிறார். கதைவசனத்தைப் படித்தபோதே ஆட்சேபித்தாராம். மனைவிக்குப் பதில், குருவான லுஹானைப் பெரின் தவறுதலாகக் கொல்வதாக வைக்கலாம் என்று யோசனையும் சொன்னாராம். அவர்கள் கேட்கவில்லை. ரெடிட்டில் அவரே எழுதியிருக்கிறார்.

உலைக்களம்:
முடிந்தது. நாவலை முடித்தவரே சொல்லிவிட்டார். இனி மலைக்கோட்டையிலிருந்து யாராவது இறங்கி வந்து அவருக்குப் பாடம் எடுக்கட்டும்.

மலைக்கோட்டை மணி:
கதிர், நீங்கள் சொன்னதை நன்றாகப் படியுங்கள். சாண்டர்சன் சொன்ன யோசனையிலும் பெரின் தன் ஆளையே கொல்கிறான்! அப்படியென்றால் முதல் எபிசோடிலேயே அவனுக்கு ஒரு பாரத்தை ஏற்ற வேண்டும் என்பதை அவரும் ஒத்துக்கொள்கிறார் என்றுதானே அர்த்தம்? யாரைக் கொல்வது என்பதில்தான் வேறுபாடு. நாவலில் லுஹானும் அப்படிச் சாகவில்லையே. அதை மட்டும் உலைக்களம் ஏற்றுக்கொள்வாரா? இன்னொன்று, ஜோர்டனின் மனைவியும் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல் பெயரும் தொடரின் ஆலோசனைத் தயாரிப்பாளர்களில் இருக்கிறது. அவரைவிட உங்களுக்கு அக்கறை அதிகமோ?

உலைக்களம்:
பெயர் போடுவது வேறு, பேச்சைக் கேட்பது வேறு. கல்யாணப் பத்திரிகையில் எல்லாத் தாய்மாமன்கள் பெயரும்தான் இருக்கும்.

லுஹானைக் கொன்றிருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்கும், ஆனால் கதை உடைந்திருக்காது. மனைவியைக் கொன்றால் உடைகிறது. காரணம் ஃபெய்ல். பின்னால் பெரின் கட்டிக்கொள்ளப்போவது அவளை. அந்தக் காதலுக்குள் லைலாவின் பிணத்தை எங்கே வைப்பார்கள்? அப்புறம் பத்தாம் பாகத்தில், கைதியின் கையை வெட்டியபின் கோடரியைத் தூக்கி எறிகிறானே, அந்த முடிவுக்கு வர அவனுக்கு அத்தனை பாகங்கள் தேவைப்பட்டன. மனைவியையே வெட்டியவன் அடுத்த நாளே எறிந்திருக்க வேண்டாமா? மூன்றாம் எபிசோடு முடிந்துவிட்டது, கோடரி இன்னும் கதையை விட்டுப் போகவில்லை.

வேர்க்கடலை:
அண்ணே! நான் இப்போதுதான் இரண்டாம் பாகம் வாங்கியிருக்கிறேன். ஃபெய்ல் யார் என்றே எனக்குத் தெரியாது. கல்யாணத்தையும் சொல்லிவிட்டீர்கள், கோடரியையும் சொல்லிவிட்டீர்கள். தலைப்பில் முதல் மூன்று எபிசோடுகள் என்றுதானே போட்டிருக்கிறது? ஸ்பாய்லர் என்று ஒரு வார்த்தை எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

உலைக்களம்:
பத்தாம் பாகம் 2003இல் வந்தது, தம்பி. பதினெட்டு வருடங்களாக நீங்கள் படிக்காததற்கு நான் பொறுப்பா?

வேர்க்கடலை:
2003இல் நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அதுவும் தமிழ்ப் பாடம்.

மலைக்கோட்டை மணி:
பாருங்கள், புதிதாகப் படிக்க வருகிறவர்களை விரட்டுவது இவரைப் போன்றவர்கள்தான். தொடர் வந்ததால்தான் அந்தத் தம்பி புத்தகம் வாங்கியிருக்கிறார்.

வேர்க்கடலை:
இல்லை, தொடர் அறிவிப்பதற்கு முன்பே முதல் பாகம் படித்துவிட்டேன். என்னை யாரும் உதாரணமாக வைக்க வேண்டாம்.

நெய்தல்:
நாவலில் வரும் பேர்லான் நகரத்தையே காணோம். அங்கே ஊர் வைத்தியச்சி நைனீவ் வந்து சேரும் இடம் எவ்வளவு அழகு! பாடகர் தாம் பெல் டைன் திருவிழாவுக்கு ஊருக்கே வரவேண்டியவர், மூன்றாம் எபிசோடில் எங்கோ ஒரு சத்திரத்தில் கிதாருடன் உட்கார்ந்திருக்கிறார். பெரினின் நண்பன் மேட்டின் அப்பா நாவலில் குதிரை வியாபாரம் செய்யும் மரியாதையான மனிதர், இங்கே ஊர் மேய்கிறவர். இதையெல்லாம் யாரும் பேசமாட்டீர்களா?

உலைக்களம்:
பேசலாம். ஆனால் பெரினுக்கு மனைவி வைத்தவர்கள் எதையும் செய்வார்கள் என்பதுதான் என் வாதம்.

பழைய பேப்பர்:
எல்லோரும் கொஞ்சம் நன்றியோடு இருங்கள். 2015 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்எக்ஸ்எக்ஸ் சேனலில் நள்ளிரவு ஒன்றரை மணிக்கு இதே நாவலின் முன்னுரையை அரைமணி நேரப் படமாகப் போட்டார்கள். பில்லி ஜேன் நடித்தார். உரிமை கைவிட்டுப் போகாமல் இருக்க அவசரத்தில் எடுத்தது என்று அப்போதே பேச்சு. அதைப் பார்த்தவன் நான். இப்போது மந்திரக்காரி மொய்ரெய்னாக வரும் ரோசமண்ட் பைக் விடுதியின் கல்லைப் பெயர்த்து ட்ரோலாக்குகள் மேல் வீசும்போது எனக்குக் கை தட்டத் தோன்றியது.

உலைக்களம்:
அந்த அரைமணி நேரத்தில் பெரினுக்கு மனைவி இல்லை.

பழைய பேப்பர்:
அதில் பெரினே இல்லை, ஐயா.

உலைக்களம்:
அதைத்தான் சொல்கிறேன். இல்லாமல் இருந்ததே மேல்.

மலைக்கோட்டை மணி:
இவருக்குத் திடீரென்று மூலநூல் மேல் பக்தி வந்த கதையை நான் சொல்கிறேன். 2019இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எட்டாம் சீசன் முடிந்தபோது, டெனேரிஸ் என்ற ராணி நகரத்தைக் கொளுத்தியதை ஊரே திட்டியது. "தொலைக்காட்சி வேறு ஊடகம், கூர்ந்து பார்க்கத் தெரியாதவர்கள்தான் கத்துகிறார்கள்" என்று இங்கே பாடம் எடுத்தவர் யார்? அப்போது என்னை 'மேலோட்ட ரசிகர்' என்றார். நான் மறக்கவில்லை.

உலைக்களம்:
மறக்காமல் இருங்கள், நல்லது. அந்தக் கட்டத்துக்குப் புத்தகமே இல்லை. தொடர் புத்தகத்தைத் தாண்டிப் போய்விட்டது. இங்கே ஜோர்டனும் சாண்டர்சனுமாக நாற்பது லட்சம் சொற்களுக்கு மேல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு சொல்கூட "பெரினின் மனைவி லைலா" என்று சொல்லவில்லை. ஊரில் லைலா என்று ஒரு பெண் இருந்தாள், அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்ற அளவில் ஒரு நினைப்பு வருகிறது, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றா?

வெண்பனி:
அப்படியென்றால் லைலா நாவலில் இருக்கிறாள்! இவ்வளவு நேரம் வானத்திலிருந்து குதித்தவள் மாதிரி பேசினீர்களே?

உலைக்களம்:
இருப்பது வேறு, மனைவியாக இருப்பது வேறு, மேடம்.

வெண்பனி:
'மேடம்' வேண்டாம். மற்றவர்களை அண்ணே, தம்பி என்கிறீர்கள். எனக்கு மட்டும் ஏன் இந்த ஆபீஸ் மரியாதை?

கதிர்மாலை:
சாண்டர்சன் பற்றி நான் சொன்னதை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டீர்கள். அவர் தொடரை மொத்தமாகப் பாராட்டியும் எழுதியிருக்கிறார். அதை ஒருவரும் கேட்கவில்லை.

உலைக்களம்:
பாராட்டியது மரியாதைக்கு. எதிர்த்தது மனசாட்சிக்கு.

மலைக்கோட்டை மணி:
அதையும் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். முதல் நாவலின் பெரும்பகுதி பெரினின் நண்பன் ராண்ட் கண்வழியாகத்தான் போகிறது. ஊரைத் தாக்கும் இரவில்கூட நாம் அவன் பண்ணை வீட்டில்தான் இருக்கிறோம், ஊரில் நடந்தது பிறகுதான் தெரிகிறது. அதை அப்படியே எடுத்தால் யார் டிராகன், அதாவது உலகைக் காக்கவோ அழிக்கவோ மறுபிறவி எடுத்தவர் யார், என்பது பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் மற்றவர்களுக்கும் சம கனம் தேவைப்பட்டது. பெரினுக்கு லைலா அப்படி வந்தவள். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

உலைக்களம்:
பெரினுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்பதற்குப் பதில் வந்தபின் சொல்கிறேன்.

வேர்க்கடலை:
ராண்ட்தான் டிராகன் என்பது முதல் பாகம் படித்ததால் எனக்குத் தெரியும். தொடரை மட்டும் பார்க்கிறவர்கள் இதைப் படித்தால்? மணி அண்ணே, நீங்களுமா?

மலைக்கோட்டை மணி:
நான் யார் டிராகன் என்று சொல்லவே இல்லையே. மேலே போய்ப் படியுங்கள்.

வெண்பனி:
சொல்லிவிட்டீர்கள்.

மலைக்கோட்டை மணி:
அடுத்த வெள்ளிக்கிழமை நாலாவது எபிசோடு வருகிறது. உலைக்களம் அண்ணன் இனி பார்க்கமாட்டாராம், அதனால் அன்றைக்காவது நிம்மதியாகப் பேசலாம்.

உலைக்களம்:
பார்க்கமாட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்? காட்டுங்கள். எட்டு எபிசோடும் பார்ப்பேன், எட்டு நாளும் எழுதுவேன்.