என்எஃப்எல் ஆட்கள் ஆறு மாதத்தில் ரக்பி ஆடிவிடுவார்களா?

கண்டி நகுலன்:
பக்கத்து இழையில் டல்லாஸ் செந்தில் எழுதியதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. "என்எஃப்எல்லில் (அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்) முப்பது பேரைப் பொறுக்கி ஆறு மாதம் பயிற்சி கொடுத்தால் நியூசிலாந்தையே அடித்துவிடுவார்கள், 2031 ரக்பி உலகக் கோப்பை அமெரிக்காவில்தானே, அப்போது பாருங்கள்" என்கிறார்.

ஆறு மாதமாம்! நான் கண்டியில் பன்னிரண்டு வயதில் றக்பி பந்தைத் தொட்டவன். ஒழுங்காக விழப் பழகவே எனக்கு இரண்டு சீசன் போனது. எதிராளி பிடித்து வீழ்த்தும் டேக்கிள் வாங்கி விழும்போதே உடம்பை நீட்டி, பந்தை நம் பக்கமாகக் கையெட்டும் தூரத்தில் வைத்து, உடனே கையை எடுக்க வேண்டும். அதற்குள் எதிராளி ஒருவன் குனிந்து பந்தைப் பற்றியிருப்பான். அவன் விலாவில் நம்மாள் வந்து மோதுவான். இரண்டு பேருக்கும் அடியில் கிடப்பது என் விரல்கள். மழை நாளில் பந்து சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்கும்.

என்எஃப்எல்காரன் விழுந்தால் என்ன செய்வான்? பந்தை நெஞ்சோடு கட்டிக்கொள்வான். பந்து கைநழுவி ஃபம்பிள் ஆகக்கூடாது என்று சிறு வயதிலிருந்து ஊறிய பழக்கம். றக்பியில் அதையே செய்தால் பெனால்டி. இந்தப் பழக்கத்தை ஆறு மாதத்தில் யார் மாற்றுவது?

டல்லாஸ் செந்தில்:
நகுலன் அண்ணே, என் பேரைப் போட்டே எழுதினதுக்கு நன்றி. நானும் ஒரே ஒரு பேர் சொல்றேன். நேட் எப்னர்.

2012ல என்எஃப்எல் அணியான பேட்ரியட்ஸ், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்ட்ல எடுத்தாங்க. 2016ல லீவு வாங்கிட்டு ரியோ ஒலிம்பிக்ல அமெரிக்காவுக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் ரக்பி ஆடினார். திரும்பி வந்து அந்த சீசன்லயே என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் ஜெயிச்சார். மொத்தம் மூணு சூப்பர் பௌல். இதுக்கு மேல என்ன வேணும்?

கண்டி நகுலன்:
எப்னர் றக்பிக்காரன். பதினேழு வயதிலேயே அமெரிக்க செவன்ஸ் அணிக்கு ஆடியவன். பள்ளிக்கூடத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடவே இல்லை, ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அந்த அணியில் சேர்ந்தான். றக்பிக்காரன் ஃபுட்பாலுக்குப் போய்விட்டுத் தாய்வீடு திரும்பியிருக்கிறான். நீங்கள் சொன்ன உதாரணம் எனக்குத்தான் சாட்சி.

டல்லாஸ் செந்தில்:
எப்னருக்கு சம்பளம் குடுத்தது யாரு? என்எஃப்எல். அப்ப அவர் என்எஃப்எல் ஆள். முடிஞ்சுது.

கோவை ரகு:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். "சாதிப்பது" என்று நீங்க ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? ஏழு பேர் ஆடுற செவன்ஸா, பதினைந்து பேர் ஆட்டமா? தேசிய அணியா, கிளப்பா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டுப் பேசலாமே.

கண்டி நகுலன்:
எப்னர் விஷயத்தில் சம்பளக் கணக்கு எடுபடாது. எங்கே கற்றான் என்பதுதான் கேள்வி. றக்பியில் கற்றான்.

ஆக்லாந்து மீனா:
2014 நவம்பரில் சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் நடந்த ஆட்டம் யாருக்காவது ஞாபகம் இருக்கா? ஆல் பிளாக்ஸ் (நியூசிலாந்து அணி) 74, அமெரிக்கா 6. செந்தில் சார், அந்த 68 புள்ளி வித்தியாசத்தை ஆறு மாதத்தில் எப்படிக் குறைப்பீங்க?

டல்லாஸ் செந்தில்:
அன்னிக்கு ஆடினவங்க என்எஃப்எல் நட்சத்திரங்களா மேடம்? எங்க நாட்டோட நல்ல உடம்பெல்லாம் ஃபுட்பாலுக்குப் போயிடுது, மிச்சம்தான் ரக்பிக்கு வருது. நான் சொல்றதே அதைத்தானே!

பெரி பேக்கரைப் பாருங்க. கல்லூரி ஃபுட்பால்ல வைட் ரிசீவர், ஓடிப் பந்தைப் பிடிக்கிறவர். என்எஃப்எல்ல ஈகிள்ஸ் அணி கூப்பிட்டாங்க, முழங்கால் போயிடுச்சு. ரக்பிக்கு வந்து 2017, 2018 ரெண்டு வருஷமும் உலகத்தோட சிறந்த செவன்ஸ் வீரர். கார்லின் ஐல்ஸும் கல்லூரியில ஃபுட்பால் ஆடினவர்தான். நூறு மீட்டர் 10.24 நொடி. அவரைத் துரத்திப் பிடிக்க உங்க கண்டியில ஆள் இருக்கா?

கண்டி நகுலன்:
கண்டியை இழுக்க வேண்டாம். நித்தவெலத் திடலில் நின்று ஆட்டம் பார்க்காதவர்கள் கண்டியைப் பற்றிக் கதைக்கக் கூடாது.

பேக்கரும் ஐல்ஸும் செவன்ஸ் ஆட்கள். ஒரு பாதி ஏழு நிமிடம், பதினைந்து பேருக்கான திடலில் ஏழே பேர். வெளி கிடைத்தால் ஓடலாம். பதினைந்து பேர் ஆட்டம் எண்பது நிமிடம். என்எஃப்எல் ஆட்டம் மூன்று மணி நேரம் ஓடினாலும் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான். ஆறு நொடி மோதல், பிறகு கூடிப் பேசி மூச்சு வாங்கல். முன்வரிசையில் மோதும் 150 கிலோ லைன்மேனை இருபதாவது நிமிடத்தில் ஸ்ட்ரெச்சரில்தான் தூக்க வேண்டியிருக்கும்.

எப்னருக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோவை ரகு:
அது என்ன "றக்பி"? எழுத்துப் பிழையா, இல்லை புது விளையாட்டா? ரகரம் போட்டு எழுதுங்க ஐயா, கண்ணை உறுத்துது.

கண்டி நகுலன்:
தம்பி, நாங்கள் றக்பி என்றுதான் எழுதுவோம், றோயல் கல்லூரி என்றுதான் எழுதுவோம். கொழும்பு றோயலும் கண்டி திரினிற்றியும் பிராட்பி கேடயத்துக்கு 1945இல் இருந்து ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்தை எப்படி எழுதுவது என்று கோவையில் இருந்து எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

கோவை ரகு:
தமிழ்ச் சொல் ரகரத்துல தொடங்காது, "இ" போட்டு "இரக்பி"ன்னு எழுதுன்னு சொன்னாக்கூட ஒத்துக்குவேன். சொல்லுக்கு முதல்ல றகரம் எந்த இலக்கணத்துல இருக்கு?

ஆக்லாந்து மீனா:
இலக்கணத்துக்குத் தனி இழை தொடங்குங்க, தயவுசெய்து.

லண்டன் ஜீவா:
பதினைந்து பேர் ஆட்டம்தான் வேணும் என்றால் டான் லைலை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால், டைட் எண்ட் என்ற இடத்தில் ஆடியவர். பிறகு றக்பிக்கு வந்து இங்கிலாந்தின் பாத் கிளப் அணியில் எட்டாம் இலக்கம், அமெரிக்க அணித் தலைவர். 1998இல் பாத் ஐரோப்பியக் கிண்ணம் வென்றபோது அந்த அணியில் இருந்தார். நகுலன் அண்ணை, இவர் சின்ன வயது றக்பிக்காரர் இல்லை.

டல்லாஸ் செந்தில்:
ஜீவா, நீங்க மனுஷன்! 1924 பாரிஸ் ஒலிம்பிக்கையும் சேர்த்துக்கோங்க. இறுதி ஆட்டத்துல அமெரிக்கா 17, பிரான்ஸ் 3. தங்கம். அதுல பலர் கலிஃபோர்னியாவுல கல்லூரி ஃபுட்பால் ஆடின பசங்க.

கண்டி நகுலன்:
நூறு வருடத்துக்கு முந்திய கதை. அதுவும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகங்கள் 1906இல் ஃபுட்பாலை விட்டுவிட்டு றக்பிக்கு மாறிச் சில வருடம் அதையே ஆடின. அங்கே றக்பி அப்போதே வேர்விட்டிருந்தது. இதுவும் எப்னர் கதைதான்.

லைல் ஆறு மாதத்தில் பாத்துக்கு வரவில்லை, வருடக்கணக்கில் உழைத்து வந்தார். ஜீவா, அவரை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு ஆள் முப்பது பேர் ஆக மாட்டார்.

செந்திலுக்கு இன்னொன்று. 2024 ஜனவரியில் வேல்ஸ் அணியின் விங்கர் (ஓரத்தில் ஓடுபவர்) ரீஸ்-சாமிட் றக்பியை விட்டு என்எஃப்எல் போனபோது "சூப்பர் பௌலில் பார்க்கலாம்" என்று இதே குழுவில் எழுதியது யார்? 2025இல் அவர் பிரிஸ்டல் கிளப்புக்கு, றக்பிக்கே திரும்பிவிட்டார். அன்றைக்கு நீங்கள் வாயே திறக்கவில்லை.

டல்லாஸ் செந்தில்:
அதை இன்னும் மனசுல வெச்சிருக்கீங்களா! அப்ப ஜோர்டன் மைலாட்டா? சிட்னியில ரக்பியோட இன்னொரு வகையான ரக்பி லீக் ஆடின பையன். ஒரு ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடாம 2018 டிராஃப்ட்ல 233ஆவது ஆளா வந்தான். இன்னிக்கு ஈகிள்ஸோட லெஃப்ட் டேக்கிள் இடத்து வீரன், சூப்பர் பௌல் ஜெயிச்சவன். அந்தப் பக்கத்துல இருந்து இங்க வர முடியும்னா, இங்க இருந்து அந்தப் பக்கம் போக முடியாதா?

கண்டி நகுலன்:
மைலாட்டாவுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே வேலை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்க வேண்டும். பந்தைத் தொடவே வேண்டியதில்லை. அந்த ஒரு வேலைக்கே அவன் களத்தில் இறங்க இரண்டு வருடம் ஆனது. றக்பியில் முதலாம் இலக்கத்தில் இருந்து பதினைந்தாம் இலக்கம் வரை எல்லோரும் பந்து கொடுக்க வேண்டும், டேக்கிள் போட வேண்டும், தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் முட்டி மோதும் ரக்கில் தலையைக் கொடுக்க வேண்டும். நீங்களே எண்ணிப் பாருங்கள், ஆறு மாதத்தில் எத்தனை வேலை?

ஆக்லாந்து மீனா:
டேக்கிள் பத்தி ஒண்ணு சொல்லணும். தலைக்கவசம் போட்டுப் பழகினவங்க தலையை முன்னால விட்டு மோதுவாங்க. ரக்பியில கையைச் சுற்றிப் பிடிக்காம தோளால இடிச்சாலே பெனால்டி, தலையில பட்டா சிவப்பு அட்டை. என்எஃப்எல் அணி சியாட்டில் சீஹாக்ஸ் 2014ல ரக்பி முறை டேக்கிளைத்தான் வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுத்தாங்க. யார் யார்கிட்ட கத்துக்கிறாங்கன்னு பாருங்க.

டல்லாஸ் செந்தில்:
கத்துக்கிறாங்க இல்ல? அப்ப கத்துக்க முடியும்னு நீங்களே ஒத்துக்கறீங்க. எப்னரும் அப்படித்தான்.

கண்டி நகுலன்:
எப்னர் கற்றது றக்பியில்! எத்தனை தரம் எழுதுவது?

கோவை ரகு:
ரக்பி.

கண்டி நகுலன்:
றக்பி.