டிவியில் வரும் ஷெஃப் ஆக வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

விருதுநகர்_பையன்:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் பிளஸ் டூ முடித்துவிட்டேன். அப்பா எங்கள் ஊரில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். இருபது வருடமாகக் கல்லுக்கு முன்னால் நிற்கிறார். லீவு நாட்களில் நானும் போய் மாவு பிசைந்து, உருண்டை பிடித்துக் கொடுப்பேன். வீசவும் தெரியும். ஆனால் அப்பா வீசுகிற அளவுக்கு மெல்லிசாக வராது.

2019 கடைசியில் குக் வித் கோமாளி ஆரம்பித்தபோது வீட்டில் எல்லோரும் கோமாளிகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் நடுவர்களான தாமு சாரையும் வெங்கடேஷ் பட் சாரையும்தான் பார்ப்பேன். ஒரு வாய் எடுத்து வைத்ததுமே மசாலா பச்சையாக இருக்கிறது, புளி முந்துகிறது என்று சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்த ஆசை. நானும் ஒருநாள் டிவியில் சமைத்துக் காட்ட வேண்டும்.

அம்மா பி.காம். சேரச் சொல்கிறார். அப்பா, "டிவியில வர்றதுக்கு எதுக்குடா மூணு வருஷப் படிப்பு, போன்ல வீடியோ போட்டா ஆகாதா?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்ன படிக்க வேண்டும், ஹோட்டலில் எத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய_சூஷெஃப்:

தம்பி, நான் சென்னையில் ஸ்டார் ஹோட்டல் கிச்சன்களில் 26 வருடம் வேலை பார்த்தவன். கமி என்கிற அடிமட்ட வேலையில் சேர்ந்து, தலைமை ஷெஃப்புக்கு அடுத்த நிலையான சூ ஷெஃப்பாக வெளியே வந்தேன். நடுவில் ஒன்றரை வருடம் ஒரு சேனலின் சமையல் நிகழ்ச்சிக்குப் பின்கட்டில் ஆயத்தம் செய்து கொடுத்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நீ டிவியில் பார்க்கும் ஒரு பிரியாணியை நாங்கள் மூன்று முறை செய்வோம். அளந்து கிண்ணங்களில் வைத்த பச்சைப் பொருள்கள் ஒரு செட். பாதி வெந்த நிலையில் ஒரு சட்டி. தம் போட்டு இறக்கத் தயாராக இன்னொரு சட்டி. தம் முடியும்வரை கேமரா காத்திருக்காது. ஒரே நாளில் நான்கு எபிசோடு, சில நாள் ஐந்து எடுப்பார்கள். ஷெஃப் சட்டையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அடுத்த எபிசோடுக்கான காய்கள் நறுக்கி மேடையில் இருக்க வேண்டும். கிச்சனில் இதைத்தான் மீஸ் என்போம், மீஸ் ஆன் பிளாஸ். அந்த ஒழுங்கு கையில் வராதவனுக்கு ஹோட்டலிலும் வேலை இல்லை, டிவியிலும் இல்லை. தாமு சார் 2010இல் தனி ஆளாக 24 மணி நேரத்துக்கு மேல் நின்று 617 பதார்த்தங்கள் சமைத்து கின்னஸில் இடம் பிடித்தாரே, கணக்குப் போட்டுப் பார். ஏறக்குறைய இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. எது எந்த அடுப்பில், எது எதற்கு அப்புறம் என்று முன்கூட்டியே யோசித்து வைக்காமல் அது நடக்கவே நடக்காது.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஒருநாள் விருந்தினராக வரவேண்டிய ஷெஃப் வரத் தாமதம். "நீங்களே ஒரு குருமா செய்துவிடுங்கள்" என்று என்னைக் கேமரா முன்னால் நிறுத்தினார்கள். ஆயிரம் முறை வைத்த குருமா. வெங்காயத்தைப் போட்டு, "நன்றாக வதக்க வேண்டும்" என்றேன். இயக்குநர் நிறுத்திவிட்டு, "நன்றாக என்றால் எவ்வளவு நேரம் சார்?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் நேரம் பார்த்து வதக்கியதே கிடையாது. பச்சை வாசனை போய் இனிப்பு வாசனை ஏறும்போது என் கை தானாகத் தக்காளியை எடுக்கும். வீட்டில் பார்க்கிற அம்மாவுக்கு அந்த வாசனை வராது. அவருக்கு என் வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது. மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்லாக மாற்றத் தெரிந்தவர்தான் டிவி ஷெஃப். அன்றைக்குத்தான் அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

அப்படிப் பேச வேண்டுமானால் கை யோசிக்காமல் வேலை செய்ய வேண்டும். அதற்குத்தான் கிச்சன் வருடங்கள். சஞ்சீவ் கபூரை எடுத்துக்கொள். 1984இல் டெல்லி பூசாவில் இருக்கும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்டில் படிப்பை முடித்தார். 1993இல் ஜீ டிவியில் அவருடைய சமையல் நிகழ்ச்சி கானா கஜானா ஆரம்பித்தபோது மும்பை சென்டார் ஹோட்டலில் எக்ஸிகியூட்டிவ் ஷெஃப், அதாவது தலைமை ஷெஃப். நடுவில் ஒன்பது வருடம் கிச்சன்தான். அப்புறம்தான் சொந்தச் சேனல், 2017இல் பத்மஸ்ரீ எல்லாம்.

படிப்பு என்றால் சென்னை தரமணியில் மத்திய அரசின் ஐ.எச்.எம்., அதாவது ஹோட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு, மூன்று வருட பி.எஸ்சி. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. தனியாரில் சேர்வதாக இருந்தால் கட்டடத்தைப் பார்க்காதே. பயிற்சிக்கு எந்த ஹோட்டலுக்கு அனுப்புகிறார்கள், போன வருடம் படித்தவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று கேள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் பூண்டு உரிப்பதும், எலும்பும் காயும் வேகவைத்த ஸ்டாக் தண்ணீரை வடிகட்டுவதும்தான். பிரேக் ஷிஃப்ட் போட்டால் காலையில் போய், மதியம் மூன்று மணிக்கு விட்டு, மறுபடியும் ஆறுக்கு நிற்க வேண்டும். தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியாது. என் மகள் பிறந்த நாள்களில் பாதிக்கு நான் இல்லை. அது தெரிந்து வா.

கோவை_மீனா:

மேலே அண்ணன் எழுதியதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹோட்டல் வழி ஒன்றுதான் என்பது போலத் தொனிக்கிறது, அதை ஏற்க முடியவில்லை. நான் பதினொரு வருடமாக வீட்டில் சமையல் வகுப்பு எடுக்கிறேன். உள்ளூர் சேனலில் சில முறை வந்திருக்கிறேன். ஹோட்டல் கிச்சனுக்குள் கால் வைத்ததில்லை.

ரேவதி சண்முகம் அம்மாவை எத்தனை வருடமாக டிவியில் பார்க்கிறோம். அவர் வீட்டுச் சமையலை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொன்னவர். அமெரிக்காவில் ஜூலியா சைல்டு 37 வயதில்தான் பாரிசில் சமையல் பள்ளியில் சேர்ந்தார். 1963இல் பாஸ்டனில் அவருடைய நிகழ்ச்சி ஆரம்பித்தபோது வயது 50. அவரும் ஹோட்டல் ஷெஃப் இல்லை, சமையல் சொல்லிக் கொடுத்தவர்.

தம்பி, அண்ணன் சொன்ன அந்த "எவ்வளவு நேரம்" கேள்வி இருக்கிறதே, அதை என்னிடம் வாரத்துக்கு பத்துப் பேர் கேட்கிறார்கள். இட்லி ஏன் கல்லாயிற்று, பாகு ஏன் முறிந்தது என்று கேட்டு கேட்டுத்தான் எனக்குப் பேசவே வந்தது. நீ எங்கே படித்தாலும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இரு. போன் வீடியோவையும் ஒதுக்காதே. உன் அப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது.

பழைய_சூஷெஃப்:

மீனா அம்மா சொல்வது சரி. நான் என் வழியை மட்டும் சொல்லிவிட்டேன். ஆனால் இந்தப் பையன் தினமும் கடை அடுப்பைப் பார்த்து வளர்ந்தவன். அவனுக்குப் பெரிய கிச்சன் ஒத்துவரும் என்று தோன்றுகிறது.

விருதுநகர்_பையன்:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. நேற்று ராத்திரி கடை அடைத்த பிறகு அப்பாவிடம் கேட்டேன், "மாவு பதம் வந்தது எப்படித் தெரியும்?" என்று. "தெரியும்ல" என்றார். நான் விடவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உருண்டையைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார். குழி உடனே நிமிர்ந்தால் இன்னும் ஊற வேண்டுமாம். அப்படியே நின்றால் ஊறியது அதிகமாம். மெதுவாக, பாதிதான் மேலே வர வேண்டுமாம். இருபது வருடத்தில் அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

பழைய_சூஷெஃப்:

அதை இன்றைக்கே நோட்டில் எழுதி வை. கூடவே ஒரு கிலோ மைதாவுக்கு எவ்வளவு தண்ணீர், சித்திரை வெயிலில் எவ்வளவு, ஐப்பசி மழையில் எவ்வளவு என்று அளந்து எழுது. அப்பா கண்ணளவில் ஊற்றுவார், நீ குவளையில் பிடித்து ஊற்றச் சொல். தரமணியில் இடம் கிடைத்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு. முதல் கத்தி எது வாங்குவது என்று சொல்கிறேன், கடையில் செட்டாக விற்பதை வாங்கிவிடாதே.