"குறைந்த ஆபத்து நாடு" என்று மார்தட்டுபவர்களுக்கு: புள்ளி வேண்டும், புள்ளி!

நாகலூர்க்காரன்:
நேற்று வேறொரு இழையில் செவ்வாய்ப்பேட்டை அன்பர் ஒருவர் கல்வெட்டில் பொறிக்கத்தக்க வாக்கியம் ஒன்றை எழுதியிருந்தார்: "உலகத் தலைவர்கள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது நம் அரசு ஐரோப்பாவிடம் பேசி இந்தியாவைக் குறைந்த ஆபத்து நாடு என்று அறிவிக்க வைத்தது. இனி ஏற்காடு காப்பி விவசாயி எதையும் காட்டத் தேவையில்லை." காப்பியை டம்ளரில் மட்டுமே பார்த்தவர் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காப்பி, கோகோ, ரப்பர், சோயா, செம்பனை, மரம், மாடு ஆகிய ஏழும், 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்திருந்தால் அங்கே விற்க முடியாது. விளைந்த நிலம் எது என்பதற்கு அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளி கொடுக்க வேண்டும். 2025 மே மாதம், காடழியும் ஆபத்து எவ்வளவு என்று பார்த்து நாடுகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். இந்தியா குறைந்த ஆபத்து வகையில் வந்தது. புள்ளி கொடுக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், அப்படியேதான் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையான்:
ஐயா, டம்ளரில் பார்ப்பவன்தான் கடைசியில் காசு கொடுக்கிறான். அதை மறந்துவிட வேண்டாம். ஒரே கேள்வி. குறைந்த ஆபத்து நாடு என்று வந்ததா, இல்லையா?

நாகலூர்க்காரன்:
வந்தது. சீனாவும் வந்தது. வியட்நாமும் வந்தது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகள் என்று சுமார் 140 நாடுகள் வந்தன. வியட்நாமுக்காகவும் நம்மவர்தான் போய்ப் பேசினாரா? 140 பேருக்குப் போர்த்திய பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுவந்து தனக்கென்றே நெய்ததாகச் சொல்வதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையான்:
ஆக, வந்தது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி. பிரேசிலுக்கு வரவில்லை, இந்தோனேசியாவுக்கு வரவில்லை. நமக்கு வந்தது.

கணக்குப்பிள்ளை:
இருவருக்கும் வணக்கம். முதலில் இந்தச் சட்டம் எதைக் காடு என்கிறது என்று பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், ஐந்து மீட்டருக்கு மேல் உயரும் மரங்கள், நிலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் மூடும் கிளை, இலை விதானம். முதன்மையாக விவசாயத்துக்குப் பயன்படும் நிலம் இதில் சேராது. மர நிழலில் பயிர் செய்யும் தோட்டமும் காடு ஆகாது. எனவே சில்வர் ஓக் நிழலில் இருக்கும் ஏற்காட்டுத் தோட்டங்கள்...

நாகலூர்க்காரன்:
கணக்குப்பிள்ளை அவர்களே, வகுப்பெடுக்க வேறு இடம் பாருங்கள். இங்கே பேச்சு புள்ளியைப் பற்றியது.

செவ்வாய்ப்பேட்டையான்:
இதில் மட்டும் நாகலூராருடன் உடன்படுகிறேன். வரையறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேலும், நாலு ஏக்கருக்குக் கீழே இருப்பவர்களுக்கு எந்தப் புள்ளியும் வேண்டாம் என்று காப்பி வியாபாரத்தில் இருக்கும் என் மைத்துனர் சொன்னார்.

நாகலூர்க்காரன்:
நான்கு ஹெக்டேர்! ஏக்கர் அல்ல, ஹெக்டேர். பத்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் இருந்தால் ஒரே ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் போனால் தோட்டத்தின் எல்லை முழுவதையும் புள்ளி புள்ளியாகச் சுற்றி வரைந்து கொடுக்க வேண்டும். தசமத்துக்குப் பிறகு ஆறு இலக்கம். வியாபாரியிடம் விற்கும் நம்மைப் போன்றவர்களின் காப்பிக்கு "எந்தப் புள்ளியும் வேண்டாம்" என்பது சட்டத்தில் இல்லை. உங்கள் மைத்துனர் எந்தக் காப்பி வியாபாரம் செய்கிறார்? சிக்கரியா?

செவ்வாய்ப்பேட்டையான்:
குடும்பத்தை இழுக்க வேண்டாம்.

நாகலூர்க்காரன்:
இழுத்தது நீங்கள்.

அஸ்தம்பட்டி வாசகி:
இந்தத் தளத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் நாகலூர் ஐயா பத்துப் பதிவு, மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து பத்துப் பதிவு. போன கோடையில் மலர்க் கண்காட்சி பற்றிப் பேசியபோதும் இதே கதைதான். ஒன்று கேட்கிறேன். புள்ளி எடுக்க வேண்டும் என்றால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாமே. இதில் அரசு என்ன செய்ய வேண்டும்? மலையில் பல ஊர்களில் செல்பேசி டவர் இல்லை என்பதுதான் சிக்கல் என்றால் அதைச் சொல்லுங்கள்.

நாகலூர்க்காரன்:
ஜிபிஎஸ்-க்கு டவர் தேவையில்லை அம்மா. அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, குப்பையைப் போட்டுவிட்டு, "ஐயோ சிக்னல் இல்லை" என்று இறங்கிப் போகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அரசு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். கேளுங்கள். டிசம்பரில் தொடங்கிப் பழம் பறிக்கிறோம். அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோலை எடுத்து, ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் பரப்பிக் காயவைக்கிறோம். பனி இறங்கும் முன் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, காலையில் மறுபடி விரிக்கிறோம். காய்ந்த பார்ச்மென்ட்டை, அதாவது மேலோடு நீக்காத கொட்டையை, மூட்டை கட்டி வியாபாரியிடம் போடுகிறோம். அவர் பல தோட்டத்து மூட்டைகளைப் பிரித்து ஒரே குவியலாகக் கொட்டுகிறார். அந்தக் குவியலில் ஒரே ஒரு மூட்டைக்குப் புள்ளி இல்லை என்றாலும் முழுக் குவியலும் ஐரோப்பாவுக்குப் போக முடியாது. தெரிந்ததையும் தெரியாததையும் கலந்துவிட்டுச் சதவீதக் கணக்குச் சொல்ல இந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆக, நான் ஒருவன் புள்ளி எடுத்து என்ன பயன்? மலை முழுவதும் எடுக்க வேண்டும். அதைச் செய்ய வைப்பதற்குப் பெயர்தான் தலைமை. விமானத்தில் போய்க் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வது அல்ல.

செவ்வாய்ப்பேட்டையான்:
காப்பி வாரியம் பதிவு செய்வதற்கென்று செயலியே வெளியிட்டிருக்கிறது. இது அரசு இல்லையா?

நாகலூர்க்காரன்:
நாட்டின் காப்பியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகம். தமிழ்நாட்டின் பங்கு ஐந்து சதவீத அளவு, அதிலும் நீலகிரி, ஆனைமலை, பழனி மலை போக மீதிதான் ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலைக்கு. வாரியத்தின் தலைமையகம் பெங்களூரு. அங்கே உட்கார்ந்து வெளியிட்ட செயலியை இங்கே எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

மலைமகள்:
நாகலூர் அண்ணா, நீங்கள் புள்ளி புள்ளி என்கிறீர்கள். அந்தச் சட்டத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. காடழிக்காத நிலமாக இருந்தால் மட்டும் போதாது, நம் நாட்டுச் சட்டப்படியும் அந்த நிலம் முறையாக இருக்க வேண்டும். எங்கள் மலையாளிப் பழங்குடி மக்களில் பலர் தலைமுறையாகக் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் நிலத்துக்கு இன்னும் ஒழுங்கான பட்டா இல்லை. வன உரிமைச் சட்டம் வந்தது 2006-இல். இன்றைக்கும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நான் புள்ளியைக் கொடுத்துவிடுவேன். அந்தப் புள்ளி யாருடையது என்று கேட்டால் என்ன காட்டுவது? உலகச் சவாலுக்குத் தலைமை என்று எல்லோரும் பெரிய பேச்சுப் பேசுகிறீர்கள். கிராம நிர்வாக அலுவலகப் படியிலேயே எங்கள் காரியம் நின்றுபோகிறது.

நாகலூர்க்காரன்:
தங்கச்சி சொல்வது வேறு விஷயம். நியாயமானதுதான், ஆனால் அதைத் தனியாகப் பேச வேண்டும். இங்கே அதைக் கலந்தால் புள்ளி வேண்டாம் என்பவர்களுக்கு வசதியாகிவிடும்.

மலைமகள்:
தனியாக என்றால் எப்போது? உங்கள் எஸ்டேட்டில் எங்கள் அம்மா பழம் பறித்த காலத்திலும் இதைத்தான் சொன்னீர்கள்.

நாகலூர்க்காரன்:
இது தேவையில்லாத பேச்சு.

இரும்பாலை ஓய்வூதியர்:
சேலத்தில் காப்பி மட்டுமா விளைகிறது? இரும்புக்கும் எஃகுக்கும் அதே ஐரோப்பா கார்பன் எல்லை வரி போட்டிருக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. 2023 அக்டோபர் முதல் அறிக்கை கேட்டார்கள், 2026 ஜனவரியிலிருந்து கணக்கே ஓடத் தொடங்கிவிட்டது. உருக்கும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியேறியது என்பதற்கு ஏற்ப இறக்குமதியாளர் சான்றிதழ் வாங்க வேண்டும். நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊருக்குச் சோறு போடுகிற ஆலை நம்முடையது. இதற்கு யார் தலைமை?

நாகலூர்க்காரன்:
இரும்புக்கு வேறு இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

இரும்பாலை ஓய்வூதியர்:
தொடங்கினேன். ஒருவரும் வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டையான்:
நாகலூர் ஐயாவிடம் இன்னும் ஒன்று. 2024 டிசம்பர் 30 அமலுக்கு வர வேண்டிய சட்டம் 2025-க்குப் போனது. அங்கிருந்து 2026 டிசம்பர் 30-க்குப் போனது. சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் வரை நேரம். இரண்டு முறை தள்ளிவைக்க வைத்தது யாருடைய அழுத்தம்? இதுவும் தானாகவே நடந்ததா?

நாகலூர்க்காரன்:
இரண்டாவது முறை அவர்கள் சொன்ன காரணம் என்ன தெரியுமா? அறிக்கைகளைப் பதிவேற்றும் அவர்களுடைய கணினி அமைப்பு பாரம் தாங்காது என்பதுதான். அவர்கள் கணினி படுத்ததற்கும் நாம்தான் காரணம் என்று ஒரு தட்டி வைத்துவிடலாம், ஐந்து ரோடு சந்திப்பில் இடம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
காரணம் ஒன்று மட்டும் அல்ல. பல நாடுகள், அங்கேயுள்ள தொழில் நிறுவனங்கள், சில உறுப்பு நாடுகளே கூட எதிர்த்தன. அதிலிருந்து...

செவ்வாய்ப்பேட்டையான்:
பார்த்தீர்களா, பல நாடுகள் என்கிறார். பல நாடுகளில் நம் நாடும் ஒன்று. முடிந்தது.

நாகலூர்க்காரன்:
என்ன முடிந்தது? குறைந்த ஆபத்து என்றால் அங்கேயுள்ள அதிகாரிகள் இறக்குமதியாளர்களில் நூற்றுக்கு ஒருவரைச் சோதிப்பார்கள், நடுத்தரம் என்றால் மூன்று பேரை, அதிக ஆபத்து என்றால் ஒன்பது பேரை. வாங்குபவருக்கு ஆபத்தை மதிப்பிடும் வேலை குறைகிறது. கிடைத்த சலுகை இவ்வளவுதான். புள்ளி, புள்ளி, புள்ளி. அது நமக்கும் உண்டு. எத்தனை முறை எழுதுவது?

அஸ்தம்பட்டி வாசகி:
ஐயா, நீங்கள் உங்கள் தோட்டத்துக்குப் புள்ளி எடுத்தாயிற்றா?

நாகலூர்க்காரன்:
எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்த மண்ணில் காப்பி வைத்திருக்கிறோம். எங்கள் தோட்டம் எங்கே இருக்கிறது என்று மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அஸ்தம்பட்டி வாசகி:
அது இல்லை ஐயா. எடுத்தாயிற்றா?

நாகலூர்க்காரன்:
1990-களின் தொடக்கம் வரை விளைந்த காப்பியை எல்லாம் வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பணத்துக்காகத் தவணை தவணையாகக் காத்திருந்தவர்கள் நாங்கள். அரசு கேட்கும் தாளையெல்லாம் கொடுத்துப் பழக்கப்பட்ட குடும்பம். எங்களிடம் வந்து இப்படிக் கேட்பது வேடிக்கை. உண்மையைச் சொன்னால், இந்த மலைக்குக் காப்பி வந்ததே எந்த அரசையும் நம்பி அல்ல. 1820-களில் காக்பர்ன் துரை தன் முயற்சியில் கொண்டுவந்து வைத்தது.

இரும்பாலை ஓய்வூதியர்:
காக்பர்ன் அப்போது சேலம் கலெக்டர். அரசு என்றால் வேறு என்ன?

நாகலூர்க்காரன்:
கலெக்டராக இருந்தவர் ஒரு தோட்டக்காரராக வைத்தார். அந்த நுட்பம் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியாது.

இரும்பாலை ஓய்வூதியர்:
ஆலையில் வேலை பார்த்தவனுக்கு ஹெக்டேரும் தெரியும், கலெக்டரும் தெரியும். உங்களைப் போல் ஒன்றைக் கேட்டால் இன்னொன்றுக்குப் பதில் சொல்வதுதான் தெரியாது.

செவ்வாய்ப்பேட்டையான்:
வாசகி அவர்கள் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். மலை முழுவதும் எடுக்க வேண்டும் என்று ஊருக்கு உபதேசம்.

நாகலூர்க்காரன்:
குறித்துக்கொள்ளுங்கள், தாராளமாக. கூடவே "எதையும் காட்டத் தேவையில்லை" என்று எழுதியவர் அதை இன்னும் நீக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையான்:
நீக்க மாட்டேன். குறைந்த ஆபத்து நாடு.

மலைமகள்:
எங்கள் ஊரில் இப்போது ஒரு வியாபாரி, "புள்ளி இல்லாத சரக்கு, ஐரோப்பாவுக்குப் போகாது" என்று சொல்லியே விலையைக் குறைக்கிறார். சட்டம் இன்னும் அமலுக்கே வரவில்லை. அவரைக் கேட்க ஆள் இல்லை. இங்கே பொன்னாடை யாருக்கு என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, அந்த மூட்டைக்குக் கொடுத்த ரசீதில் காரணம் எழுதியிருக்கிறாரா? எழுதியிருந்தால்...

மலைமகள்:
ரசீதா?

செவ்வாய்ப்பேட்டையான்:
காப்பியில் இவ்வளவு தொல்லை என்றால் மிளகுக்கு மாறிவிடலாமே. மிளகு அந்தச் சட்டத்திலேயே இல்லை. சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது.

நாகலூர்க்காரன்:
மாறிவிடலாமாம்! வேட்டி மாற்றுவது போலவா? மிளகைப் பற்றி நீங்கள் பேசவே கூடாது. போன வருடம் இதே தளத்தில் "விலை இன்னும் ஏறும், விற்காதீர்கள்" என்று எழுதியவர் யார்?

செவ்வாய்ப்பேட்டையான்:
நான் பொதுவாக எழுதினேன். உங்களை இருப்பு வைக்கச் சொல்லி வீட்டுக்கு வந்து கையைப் பிடித்தேனா?

நாகலூர்க்காரன்:
பொதுவாக எழுதினாராம். அந்தப் பதிவின் படம் என்னிடம் இருக்கிறது. போடட்டுமா?

செவ்வாய்ப்பேட்டையான்:
போடுங்கள். கூடவே உங்கள் தோட்டத்துப் புள்ளியையும் போடுங்கள், ஆறு தசம இலக்கத்தோடு.