கோட்டிங் கம்பியும் நகராத கோரைப்பல்லும்

(பல் சீரமைப்பு மருத்துவர்கள் நால்வரின் பேச்சு; ஒவ்வொருவரும் அவரவர் ஊர்ப் பெயரில்.)

பென்னாகரம்:
மேல் வலது கோரைப்பல்லைப் பின்னுக்கு இழுக்க 018 (0.018 அங்குல) ஸ்டீல் கம்பி, மேலே வெள்ளை டெஃப்லான் கோட்டிங், ஸ்பிரிங்கில் 150 கிராம் விசை. இரண்டு மாதமாகியும் இடைவெளி அப்படியே. கம்பியைக் கழற்றினால், பிராக்கெட் (பல்லில் ஒட்டிய, கம்பியைத் தாங்கும் பிடிப்பான்) விளிம்பு பட்ட இடத்தில் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி சுருண்டு, அடியில் சாம்பல் நிற உலோகம். உரிந்த சுருள், கம்பி உட்காரும் ஸ்லாட்டுக்குள் ஆப்பாகச் செருகியிருந்தது. மாட்டும்போது கையில் வழுக்கிய கம்பி அது!

ஓசூர்:
கோட்டிங்கைக் குறை சொல்வது பாதிதான் சரி. பல் நகரத் தொடங்கியதும் முதலில் சாயும். சாய்ந்தால் ஸ்லாட்டின் எதிரெதிர் மூலைகள் கம்பியைக் கவ்விக்கொள்ளும். அப்போது வழவழப்பு பெரிதாக உதவாது. கம்பியில் பள்ளம் விழுந்தால் நகர்வே நின்றுவிடும். 022 (0.022 அங்குல) ஸ்லாட்டில் 018 உருண்டைக் கம்பி வளைந்துகொடுக்கும், சாய்வு கூடும். 19×25 ஸ்டீல் (செவ்வகக் கம்பி) போட்டு, இழுக்காமல் நாலு வாரம் விடுங்கள். அடுத்த முறை கம்பி தடங்கலில்லாமல் சறுக்கினால் மட்டும் ஸ்பிரிங் மாட்டுங்கள். கோரைப்பல்லில் ரப்பர் வளையத்தை எட்டு வடிவில் போடவே வேண்டாம். லிகேச்சர் கம்பியை (பிராக்கெட்டோடு கட்டும் மெல்லிய கம்பி) முறுக்கி, கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும். கம்பியில் படிந்த அழுக்கையும் துடையுங்கள், அதுவும் உராய்வுதான்.

காவேரிப்பட்டணம்:
நகரவில்லை என்று விசையை ஏற்றிவிடாதீர்கள், நம்ம பக்கம் அதுதான் ஆபத்து. கடைவாய்ப்பல் முன்னால் வந்துவிடும். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் ஃபுளோரைடு மிகுந்த போர்வெல் தண்ணீர் குடித்துப் பழுப்பேறிய பல் என்றால், பிராக்கெட்டே கழன்று விழும். அந்த எனாமல் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்துக்கு வழக்கமான 30 நொடியில் சரியாக அரிபடாது. இன்னொன்று, டைட்டானியம் கலந்த கம்பி இருக்கும் வாயில் அமிலத்தன்மையுள்ள ஃபுளோரைடு ஜெல் வேண்டாம். ஆக்சைடு படலம் அரித்து, கம்பி சொரசொரப்பாகிவிடும். நடுநிலை சோடியம் ஃபுளோரைடு கொடுங்கள்.

பாலக்கோடு:
ஓசூர்க்காரரே, எல்லாக் கோட்டிங்கும் ஒன்றல்ல. பீட்டா டைட்டானியம் என்ற டைட்டானியக் கலவைக் கம்பியில் நைட்ரஜன் அயனி செலுத்தினால், அது மேலே பூசிய தோல் இல்லை, உலோகத்துக்குள்ளேயே இறங்கும். உரிந்துவர என்ன இருக்கிறது? டங்ஸ்டன் டைசல்பைடு நுண்துகளை நிக்கலோடு படியவைத்த ஸ்டீல் கம்பி, நீங்கள் சொல்லும் அதே சாய்வில்தான் ஆய்வகத்தில் நன்றாகச் சறுக்கியது. நிக்கல் ஒவ்வாமை உள்ள வாய்க்கு மட்டும் அது ஆகாது. பென்னாகரம், டெஃப்லான் கம்பியைச் சொரசொரப்பான முனையுள்ள பிளையரால் பிடிக்காதீர்கள். முனை பதிந்த தழும்பிலிருந்தே தோல் கிளம்பும்.