தாத்தாவின் மடக்குக்கத்தி: துரு எடுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பழைய மடக்குக்கத்தி சேர்ப்பவர்கள் இங்கே இருந்தால் உங்கள் உதவி வேண்டும்.

தாத்தா இங்கே சிங்கப்பூரில், பிரிட்டிஷாரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பிய பிறகும் அந்தக் கத்தியை அவர் விடவில்லை. ஒரு பக்கம் அகலமான அலகு. மறுபக்கம் கயிற்று முடிச்சைப் பிரிக்கும் இரும்பு முள். அலகில் ‘ஷெஃபீல்டு’ என்ற எழுத்தும், பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்குப் போடும் அம்புக்குறியும் தெரிகின்றன. ஆண்டு இருக்கும் என்று நான் நினைக்கிற இடத்தில் துரு ஏறிவிட்டது.

கார்பன் எஃகு என்பதால் நம்மூர் ஈரக்காற்று அதைச் சும்மா விடுவதில்லை. ஆனால் அலகு முழுக்கப் படர்ந்த சாம்பல் கறுப்பு வேறு. தாத்தா வீட்டு வாசலில் உட்கார்ந்து இந்தக் கத்தியால் எங்களுக்கு மாங்காய் நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கொடுப்பார். அந்தப் புளிப்பு பட்டுப் பட்டு வந்த நிறம் அது. அது போகவே கூடாது. செந்துரு மட்டும் போக வேண்டும்.

என்ன எண்ணெய், எதை வைத்துத் தேய்ப்பது? அலகு மடங்கும் மூட்டு இறுகிப்போய்விட்டது, அதை எப்படி இளக்குவது? மின்சாணையில் கொடுக்க மனமில்லை. எஃகு சூடேறிக் கெட்டுவிடும். கையாலேயே கல்லில் தீட்டுபவர் யாராவது தெரியுமா? பழைய பொருட்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடிய பிறகு இதையெல்லாம் விசாரிக்க எங்கே போவதென்று தெரியவில்லை.

தகுந்த காரணமின்றிக் கத்தியோடு வெளியே நடமாடுவது இங்கே குற்றம். அதனால் முதலில் படங்களை அனுப்புகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஒன்று இருந்திருந்தால் அதைப் பற்றியும் எழுதுங்கள், ஆசையாகப் படிப்பேன்.