பி.பி.எஸ் உப்புக் கரைசலில் கழுவினால் பெப்டைட் (குட்டிப் புரதத் துண்டு) முழுக்கப் போய்விடுகிறது. செராமிக் எலும்பு மணி செய்தவர்கள் யாராவது உண்டா?

குழித்துறைக்காரி

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் லேப். காலையில் குழித்துறையில் ரயில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரம். இதையும் ரயிலில் இருந்துதான் எழுதுகிறேன்.

எலும்பில் விழுந்த குழியை நிரப்பும் மணிகள் செய்கிறேன். ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்புக் கனிமம் மாதிரியான கால்சியம் பாஸ்பேட்) கூழில் நுரைப்பஞ்சை முக்கிக் காயவைத்து 1200 டிகிரியில் சுட்டால் பஞ்சு எரிந்துபோய்த் துளைகள் மட்டும் நிற்கும். உடைத்துச் சலித்தால் கரையில் ஒதுங்கிய பவளத் துணுக்கு மாதிரி இருக்கும். எலும்பு இதன்மேல் படர்ந்து வரும். ஆனால் செல்களை 'வா' என்று கூப்பிட இதற்குத் தெரியாது. அதனால் மேலே ஆர்.ஜி.டி பெப்டைட் பூசுகிறேன். ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்று மூன்று அமினோ அமிலம். செல்கள் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி.

ராத்திரி முழுக்க 4 டிகிரியில் ஊறவைத்து, காலையில் பி.பி.எஸ்ஸில் மூன்று தடவை கழுவுகிறேன். பெப்டைடில் ஒளிரும் சாயம் கட்டியிருக்கிறது. மூன்றாவது கழுவலில் பச்சை எல்லாம் தண்ணீரில், மணி வெள்ளை வெளேர். சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள் போட்டு வேதிப் பிணைப்பாக ஒட்டு என்கிறார்கள் லேபில். அது இல்லாமல் முடியாதா?

அப்பா ரப்பர் பால்வெட்டு. சறுக்கி விழுந்து கால் எலும்பு நொறுங்கியபோது இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்தார்கள். கால் கூடிவிட்டது. இடுப்பு வலி ஓணம் கழிந்தும் போகவில்லை. அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

பழைய காலம்காரன்

மக்களே, நீ கழுவவில்லை, எலூட் செய்கிறாய், அதாவது ஒட்டினதை இறக்குகிறாய்!

புரதம் பிரிக்கிற லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஹைட்ராக்ஸிஅபடைட் நிரப்பிய காலத்தில் (column, குழாய்) புரதத்தை ஒட்டவைப்போம். இறக்க வேண்டுமென்றால் என்ன ஊற்றுவோம் தெரியுமா? பாஸ்பேட். புரதத்தின் கார்பாக்சில் (மைனஸ் சார்ஜ் உள்ள முனை) பிடித்திருக்கும் கால்சியத்தைப் பாஸ்பேட் வந்து தட்டிப் பறித்துக்கொள்ளும். உன் பி.பி.எஸ்ஸில் வழக்கமாக 10 மில்லிமோலார் பாஸ்பேட் இருக்கும். ரத்தத்தில் இருப்பது சுமார் 1. முதலில் பாஸ்பேட் இல்லாத ட்ரிஸ் உப்புக் கரைசலில் கழுவிப் பார்.

அடுத்தது, உன் பெப்டைட். அதில் ஒரு பிளஸ் சார்ஜ், ஒரு மைனஸ் சார்ஜ், கூட்டினால் பூஜ்யம். அது எதைப் பிடித்துத் தொங்கும்? எலும்பு என்ன செய்கிறது என்று பார். எலும்புப் புரதமான ஆஸ்டியோகால்சினில், கால்சியத்தைப் பிடிக்கிற காமா-கார்பாக்சிகுளூட்டமிக் அமிலம் மூன்று இடத்தில் வரும். போன் சயலோபுரோட்டீன் என்ற இன்னொரு எலும்புப் புரதத்தில் மைனஸ் சார்ஜ் உள்ள குளூட்டமிக் அமிலம் வரிசையாக நிற்கும், அதிலேயே ஆர்.ஜி.டியும் உண்டு. நங்கூரமும் கைப்பிடியும் ஒரே சங்கிலியில்! உன் பெப்டைடின் வாலில் ஏழு குளூட்டமேட் சேர்த்து வாங்கு. ஈ7 என்று தேடினால் நிறைய வரும் (ஈ என்பது குளூட்டமேட்டின் ஓரெழுத்துக் குறி).

சிலேனுக்கு அவசரப்படாதே. கொலாஜன் புரதத்தின் ஒரு துண்டைப் பார்த்துச் செய்த 15 அமினோ அமிலப் பெப்டைட், பி-15, மாட்டெலும்புக் கனிமத்தில் சும்மா ஒட்டவைத்ததுதான். கழுத்துத் தண்டுவட அறுவைக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டது.

வெள்ளறடை

ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் பேசுகிறேன். தங்கச்சி, இந்த மணிகளை டாக்டர் அப்படியே வைக்க மாட்டார். ஸ்டீல் கிண்ணத்தில் கொட்டி நோயாளியின் ரத்தத்தைவிட்டுப் பிசைவார், ஈர மணல் மாதிரி ஆனதும்தான் குழியில் அமுக்குவார். ரத்தத்திலேயே ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் இருக்கிறதே, அதிலும் ஆர்.ஜி.டி உண்டு. அது தானாகவே மணியில் போய் ஒட்டும். பிறகு உன் ஆர்.ஜி.டிக்கு என்ன வேலை? சீரம் (ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்கும் தெளிந்த நீர்) சேர்த்தும் சேர்க்காமலும் செல் சோதனை செய்துவிட்டுச் சொல்.

இன்னொன்று. பூசின மணியை எப்படி ஸ்டெரிலைஸ் செய்வாய்? எங்கள் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவி. உன் பெப்டைட் தாங்குமா?

பழைய காலம்காரன்

அந்தத் தம்பி கேட்டதுதான் பெரிய கேள்வி. எனக்கு ஆர்.ஜி.டி மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது, ஒட்டுவதற்கு மட்டும்தான் வழி சொன்னேன். அதே ஈ7 வாலில் பி.எம்.பி-2 (எலும்பு வளரத் தூண்டும் புரதம்) துண்டைக் கட்டிப் பார்க்கலாம். துளைக்குள் காற்று நின்றால் கரைசல் உள்ளே போகாது, வெளித்தோலுக்கு மட்டும்தான் பூச்சு. வாக்குவம் போட்டு ஊறவை. குமிழி வருவது நிற்கும்வரை விடு.

குழித்துறைக்காரி

மாமா, ட்ரிஸ்ஸில் கழுவினேன். மூன்றாவது கழுவலுக்குப் பிறகும் மணி பச்சையாகவே இருந்தது. சந்தோஷத்தில் கூட இருந்தவர்களுக்குப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் கண்ட்ரோலைப் பார்த்தால், பெப்டைட் இல்லாமல் வெறும் சாயத்தில் ஊறின மணியும் லேசாகப் பச்சை. இத்தனை நாள் எதை அளந்தேன் என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஈ7 பெப்டைடைச் சாயம் இல்லாமலே ஆர்டர் செய்திருக்கிறேன், ஊறவைத்த பிறகு கரைசலில் மிச்சம் எவ்வளவு என்று எச்.பி.எல்.சியில் (கரைசலில் உள்ளதைப் பிரித்து அளக்கும் கருவி) பார்க்கப்போகிறேன்.

வெள்ளறடை அண்ணா, ஆட்டோகிளேவ் வேண்டாம். மணியை முதலில் ஸ்டெரிலைஸ் செய்துவிட்டு, வடிகட்டின பெப்டைடை சுத்தமான ஹூட்டில் பூசலாம் என்றிருக்கிறேன். சீரம் சோதனை அடுத்த வாரம். பயமாகத்தான் இருக்கிறது.