போர்பன் பீப்பாய் இம்பீரியல் ஸ்டவுட்டில் புளிப்பு: கிருமியா, பீப்பாயா?

சுவைத்துப் பழகியவர்களின் உதவி தேவை. என்னிடம் உள்ள, பீப்பாயில் முதிர்ந்த இம்பீரியல் ஸ்டவுட் (ஆல்கஹால் கூடிய கருநிற பீர்) நன்றாக இருக்கிறதா, கெட்டுவிட்டதா என்றே முடிவு செய்ய முடியவில்லை.

நான் இருப்பது சிகாகோவில். பீர், போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் ஓராண்டு வைத்தது, ஆல்கஹால் 13%, பாஸ்டரைஸ் (சூடாக்கிக் கிருமி நீக்கம்) செய்யாதது. 2022இல் வாங்கி, நிலவறையில் 13 டிகிரியில் நிமிர்த்தியே வைத்திருந்தேன்.

மணம் அருமை: வெனிலா, ஓக், கருப்பட்டிப் பாகு. முதல் வாயும் அப்படித்தான். விழுங்கிய பிறகுதான் நாக்கின் இரு ஓரத்திலும் ஒரு கூரான புளிப்பு நிற்கிறது. கருக வறுத்த மால்ட்டின் (முளைகட்டிய பார்லி) கசப்போடு சேர்ந்த புளிப்பு எனக்குப் பழக்கம். இது அது இல்லை. பீரின் அடர்த்தியும் வாயில் எதிர்பார்த்ததைவிட மெலிந்திருக்கிறது.

குளிராகவும், 15 டிகிரி வரை சூடேற விட்டும் குடித்துப் பார்த்தேன். சூடேறினால் புளிப்பு கூடுகிறது. கிளாஸை மாற்றியும் அதேதான். அதே பெட்டியின் இன்னொரு பாட்டிலும் அப்படியே. திறக்கும்போது நுரை பொங்கவில்லை, வினிகர் வாடை இல்லை, ஈரமான அட்டை வாடையும் இல்லை. வாயுவை நீக்கி மீட்டரில் பார்த்தால் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடுதல்) 3.9, பீப்பாயில் வைக்காத வேறொரு இம்பீரியல் ஸ்டவுட் 4.4 காட்டியது.

கூஸ் ஐலண்ட் என்ற சிகாகோ பீர் ஆலையின் 2015 போர்பன் கவுண்டி வரிசையில் லாக்டோபேசிலஸ் (புளிக்கவைக்கும் பாக்டீரியா, சுருக்கமாக லாக்டோ) புகுந்து புளித்ததைப் படித்ததிலிருந்து சந்தேகம் வலுத்துவிட்டது. ஆனால் ஓக் மரமும் கொஞ்சம் அமிலம் தருமே.

மைக்ரோஸ்கோப் இல்லாமல், லாக்டோ புளிப்பையும் பீப்பாய் தரும் புளிப்பையும் நாக்கிலேயே உறுதியாகப் பிரித்தறிய எதைக் கவனிக்க வேண்டும்?